பதினான்காம் மாடித் தணிப்பான்

எங்கள் கட்டடத்தின் கோளாறை முதலில் கண்டுபிடித்தது இட்லி மாவு.

அம்மா மாவை அரைத்துக் குண்டானில் ஊற்றி, சுவரோரம் வைத்துவிட்டுத் தொடர் பார்க்க உட்கார்ந்தாள். மார்கழி மாதம். மாவு புளிக்க மறுநாள் வரைக்கும் ஆகும். அன்றைக்குத் தொடரில் மருமகள் அழுது முடிப்பதற்குள் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, தரையில் இறங்கி, வாசலை நோக்கிப் புறப்பட்டிருந்தது. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"டேய் ரக்ஷா, செவுத்துக்கு ஜொரம் அடிக்குதுடா."

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். ஒரு பாடம் மட்டும் அரியர். நிபுணன் என்ற முறையில் எழுந்து வந்து தொட்டுப் பார்த்து, "வெயில் பட்டிருக்கும்மா" என்றேன். அது உட்சுவர். வெயிலுக்கும் அதற்கும் அறிமுகமே கிடையாது.

சென்னையின் தெற்கு ஓரத்தில், அலைவாசல் நகர் என்று பெயர் வைத்து, அலையும் வாசலும் இல்லாத ஓர் இடத்தில் குடியமர்வு வாரியம் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த உயர்ந்த கட்டடம் அது. நெகிழ்கல்லால் கட்டியது. பிளாஸ்டிக் குப்பையையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கலந்து அச்சில் வார்த்த கல். எடை குறைவு, செலவு குறைவு. "நம் குப்பையே நம் கோட்டை" என்று திறப்பு விழாவில் பலகை வைத்திருந்தார்கள். குடிவந்த பிறகு பக்கத்திலேயே மெட்ரோ ரயிலின் மேம்பாலம் வந்தது. கொடியில் காயும் எங்கள் துணிகளைப் பயணிகள் குறை சொல்லக்கூடிய தூரம். ஒவ்வொரு வண்டி போகும்போதும் கட்டடம் ஒரு சின்ன ஆட்டம் ஆடும், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் காலாட்டுகிற மாதிரி. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பால்கனி வெல்லப்பாகு மாதிரி வளைந்து தொங்கிய பிறகுதான் வாரியம் விழித்துக்கொண்டது. சுவருக்குச் சுவர் உணர்கருவி பதித்தார்கள். கட்டடத்தின் சூட்டையும் ஆட்டத்தையும் நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கணினி மாடலைக் கொண்டுவந்து, லிஃப்ட், வெளிக்கேட், படிக்கட்டுக் கதவு எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்தார்கள். வாரியம் அதற்கு வைத்த பெயர் "உறுதுணை". நாங்கள் வைத்த பெயர் ஹவுஸ் ஓனர். சுருக்கமாக ஓனர்.

பெயர் வைத்ததில் தப்பே இல்லை. ஆணி அடிக்கக் கூடாது. ஸ்கிப்பிங் கூடாது. கிரைண்டர் வீட்டுக்கு வீடு வேறு வேறு நேரம். பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டக் கூடாது. தோளில் போட்டுத் தட்டலாம், ஆனால் ஒரே தாளத்தில் தட்டக் கூடாது. புருஷன் பெண்டாட்டி சண்டை போடலாம், கதவை அறையக் கூடாது. அதன்பிறகு பாதி வீடுகளில் சண்டையே சப்பென்று போய்விட்டது. காலடி ஓசைதான் கட்டடத்துக்கு மிகக் கெட்ட ஆட்டம் என்பதால் படிக்கட்டை நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. வெளியே போவதென்றால் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியிடம் சொல்ல வேண்டும். ஓனர் கணக்குப் போட்டு, சரிப்பட்டால் லிஃப்டை அனுப்பும்.

ஒருநாள் அந்த ஒலிபெருக்கி என்னைப் பெயர் சொல்லி அழைத்தது.

"பதினான்காம் மாடி, மூன்றாம் வீடு, திரு. ரக்ஷன் அவர்களுக்கு வணக்கம். இக்கட்டடத்தின் ஆகச் சிறந்த தணிப்பான் தாங்களே என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம்."

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னை யாரும் ஆகச் சிறந்த எதுவும் என்று சொன்னதில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தணிப்பான்னா இன்னாடா? ஆபீசரா?"

"இல்லம்மா. ஆட்டத்தை அடக்கறவன்."

"ஒரு எடத்துல ஒக்காந்து எதையும் அடக்காதவனாச்சே நீ."

ஒரு இடத்தில் உட்கார்ந்ததுதான் என் தகுதியே. என் எடையைச் சொல்ல மாட்டேன். நான் லிஃப்டில் ஏறினால் இரண்டு பேர் நாகரிகமாக இறங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த எடையோடு ஜன்னலோரக் கட்டிலில் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். கட்டடத்தில் அந்தப் பகுதிதான் அதிகமாக ஆடுகிற பகுதியாம். நான் படுத்தால் கட்டடத்தின் சூடு இறங்குகிறது. வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஓனர் ஒரு புது ஏற்பாடு செய்தது. நான் படுத்திருந்தால் எங்கள் மாடியிலிருந்து ஆறு பேர் கூடுதலாக வெளியே போகலாம். நான் எழுந்து நடந்தால் அந்த ஆறு பேருக்கும் லிஃப்ட் வராது. இதை ஓனர் எல்லோருக்கும் அறிவித்தும் விட்டது.

எதிர்வீட்டு லாரன்ஸ் அண்ணன் மறுநாளே பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். டெலிவரி வேலை பார்ப்பவர். வெளியே போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

"சாப்புடு தம்பி. நல்லா சாப்ட்டு அப்டியே படுத்துக்க. எளச்சிக் கிளச்சிப் போய்டாத."

"அண்ணா, நானும் கொஞ்சம் வெளிய போலாம்னு..."

"இன்னா தம்பி வெளிய கீது? வெயில்தான் கீது." பாசத்தோடு என் தலையணையைச் சரி செய்தார்.

இப்படியாக மூன்றாம் வீட்டுக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. எனக்கு லிஃப்ட் மட்டும் வரவில்லை. கேட்டால் ஓனர் பணிவாகச் சொல்லும்: "தங்கள் இருப்பு இன்றியமையாதது. பிறகு முயலவும்." நான் கட்டிலில் புரண்டால்கூட நடைவழியிலிருந்து யாராவது "தம்பி, இன்னா ஆச்சி?" என்று குரல் கொடுப்பார்கள். பால்கனிக்குப் போய் நின்றால் பக்கத்து வீட்டுக்காரம்மா வாய் திறக்காமல் என்னையே பார்ப்பார். அவர் மகளுக்கு அன்று நர்சிங் வகுப்பு இருக்கும். சிறையில் காவலர்கள் கெட்டவர்களாக இருந்தால் திட்டலாம். இங்கே காவலர்கள் எனக்கு மீன் வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தேர்வு அறிவித்தார்கள். என் ஒரே அரியர். பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசித் தேர்வு. இதையும் விட்டால் பட்டம் கிடையாது. மெட்ரோ கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரப்பெட்டி, அதாவது கியர்பாக்ஸ், செய்யும் தொழிற்சாலை ஒன்று, என் முகத்தில் என்ன கண்டதோ, பாஸானால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பாஸாகாவிட்டால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் படுத்திருப்பது.

பாடத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: இயந்திர அதிர்வியல். நான்கு முறை தோற்றிருக்கிறேன்.

அதை எங்களுக்கு நடத்திய தமயந்தி மேம்தான் ஓனரை எழுதியவர். போன் செய்தேன்.

"மேம், உங்க மாடல் என்னை வெளிய விட மாட்டேங்குது."

"என் மாடல் இல்லப்பா, வாரியத்தோடது. எழுதிக் குடுத்தது மட்டும்தான் நானு." கொஞ்சம் யோசித்தார். "நீ அந்தக் கடைசி பெஞ்ச் ரக்ஷனா? பதினாலாம் மாடி நீதானா? ஐயோ, உன் டேட்டா ரொம்ப அழகா இருக்குப்பா."

வகுப்பில் என்னைப் பற்றி ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

"ஏன் மேம் நான் மட்டும்?"

"சின்ன வயசுல கம்பிய முன்னும் பின்னும் வளைச்சு ஒடச்சிருக்கியா?"

"கொடிக்கம்பிய. அடி வாங்கியிருக்கேன்."

"ஒடையறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தியா?"

"சுட்டுது."

"அவ்ளோதான். திருப்பித் திருப்பி ஆட்டினா பொருள் சூடாகும். நெகிழ்கல் சூடானா இளகும். இளகினா அடுத்த ரயிலுக்கு இன்னும் அதிகமா ஆடும். ஆடினா இன்னும் சூடு."

"எங்க அம்மாவும் அப்பாவும் போன்ல பேசிக்கற மாதிரி இருக்கு மேம்." அப்பா குவைத்தில் இருக்கிறார்.

"கிட்டத்தட்ட. அதுலயும் நேர்கணக்கு கெடையாது. ரெண்டு மடங்கு ஆட்டினா ரெண்டு மடங்கு சூடுன்னு வராது. ஒரு அளவு வரைக்கும் சாதுவா இருக்கும். அதத் தாண்டினா மொத்தமா மேல விழுந்துரும். நாலாவது யூனிட்ல இதத்தான் நடத்தினேன். தூங்கிட்டிருந்த."

"அப்ப எல்லாரையும் காலி பண்ணிடலாமே?"

"காலிக் கட்டடம் இன்னும் மோசம். வர்ற ஆட்டத்த யாராவது வாங்கிக்கணும்ல? மனுஷ உடம்பு நல்லா வாங்கும். தோல் பைக்குள்ள தண்ணி, கொழுப்பு... தப்பா எடுத்துக்காத. நீ வாங்கிக்கலேன்னா அந்தக் கல்லு வாங்கிக்கும்."

"ரயிலக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லலாமே?"

இந்த இடத்தில் மேம் என்னை ஒரு குழந்தையைப் போல நினைத்திருக்க வேண்டும். குரல் கனிந்துவிட்டது.

"ரயில்ல போறவங்க நேரத்துக்கு ஆபீஸ் போகணும்ப்பா."

தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, விதியில் இடமில்லை என்றார். எனக்குப் பதிலாக வேறொன்றை வைத்தால் ஓனர் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டேன். முயன்று பார் என்றார். ரேஷன் அரிசி மூட்டைகளைக் கட்டிலில் அடுக்கினோம். ஓனர் நான்கைந்து ரயில்கள் போகும்வரை கவனித்துவிட்டு, "பாரம் மட்டுமே கூடியுள்ளது. உடனே அகற்றவும்" என்றது. மறுபடி மேமிடம் போனேன்.

"மூட்டை சும்மா கெடக்கும்ப்பா. உள்ள ஏதாவது அலையணும்."

"தண்ணி?"

"தண்ணி சரி. ஆனா பாதிதான் ஊத்தணும். மேல எடம் இருந்தாத்தான் அலையும். ரொம்பிப் போச்சுன்னா அதுவும் மூட்டைதான்."

குளியலறையிலிருந்த நீல ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து, கட்டிலை நகர்த்திவிட்டு, நான் படுத்த இடத்திலேயே நிறுத்தினேன். பாதி ஊற்றினேன். நடைவழியில் ஒரு கூட்டமே நின்று பார்த்தது. ரயில் வந்தது, ட்ரம்முக்குள் தண்ணீர் களுக் களுக்கென்று சிரித்தது. இன்னொரு ரயில். இன்னொன்று.

"தங்களுக்கு இணையான தணிப்பு பதிவாகியுள்ளது," என்றது ஓனர். "திரு. ரக்ஷன் அவர்களின் வெளியேறல் பரிசீலிக்கப்படும்."

நடைவழியில் கைதட்டினார்கள், மெதுவாக, தாளம் மாற்றி மாற்றி. அம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல். இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்த பிள்ளை ஒரு பாதி ட்ரம்முக்குச் சமம் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

தேர்வு நாள் காலையில் லிஃப்ட் வந்தது. நானும் லாரன்ஸ் அண்ணனும் ஏறினோம். வேறு சிலரை ஓனர் அதற்கு முன்பே அனுப்பியிருந்தது. ஓனர் வந்ததிலிருந்து லிஃப்ட் தேர் மாதிரிதான் இறங்கும். ரயில் கடக்கும்போது நின்று வழிவிடும். எனக்கு அது உறுத்தவில்லை. கதவு மூடும் நேரத்தில் நடைவழியில் யாரோ "தண்ணி வந்துட்ச்சி!" என்று கத்தியது காதில் விழுந்தது. அதுவும் உறுத்தவில்லை. அங்கேதான் நான் இந்த ஊர்க்காரன் என்பதை மறந்துவிட்டேன்.

பாதி வழியில் லிஃப்ட் நின்றது. விளக்கு மங்கியது.

"பதினான்காம் மாடியில் தணிப்பு இழப்பு. அனைத்து இயக்கங்களும் நிறுத்தப்படுகின்றன. அசையாமல் இருக்கவும்."

லாரன்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னா தம்பி ஆச்சி?"

"ட்ரம்முக்கு ஏதோ ஆயிருச்சுண்ணா."

"ஒழுவுதா?"

ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால்கூடத் தேவலை. லிஃப்டின் சுவரில் கை வைத்தேன். நெகிழ்கல்லின் சூடு தகட்டுக்குள் ஊறி வந்துகொண்டிருந்தது. உள்ளே காற்று இல்லை. லாரன்ஸ் அண்ணன் கால் மாற்றி நின்றார். உடனே ஓனர், "அசையாமல் இருக்கவும்" என்றது.

"ஓனர், எங்க வீட்டுக்கு லைன் குடு," என்றேன்.

கரகரத்த பிறகு அம்மாவின் குரல். பின்னணியில் தண்ணீர் விழும் ஓசை.

"அம்மா! ட்ரம்ம இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்லியே. தண்ணி வந்துச்சி. ட்ரம்மு பாதிதான் கீது, ரொப்பி வெச்சேன்."

"ரொப்பிட்டியா?"

"தளும்பத் தளும்ப," என்றாள் பெருமையாக. "குழாய்ல தண்ணி வர்றப்ப பாதி ட்ரம்ம வெச்சிக்கினு எவளாவது சும்மா இருப்பாளா?"

சென்னையில் பிறந்த எவளும் இருக்க மாட்டாள். தமயந்தி மேமின் மாடல் ரயிலைக் கணக்கில் வைத்திருந்தது, காற்றை வைத்திருந்தது, பிள்ளையைத் தட்டும் தாளத்தைக்கூட வைத்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் இந்த ஊர்க்காரிக்குக் கை என்ன செய்யும் என்பது மட்டும் அதில் இல்லை.

"அம்மா, கேளு. பாதித் தண்ணிய எடுத்துக் கீழ கொட்டு."

தண்ணீர் ஓசை நின்றுவிட்டது.

"அம்மா?"

"கொட்றதா?" என்றாள். "தண்ணியவா?"

"ஆமாம்மா, பாத்ரூம்ல கொட்டு. எனக்குப் பரீட்சைக்கு நேரமாவுது. செவுரு சூடாவுது."

"நீ படிச்ச படிப்புக்கு நல்ல தண்ணியக் கொட்டச் சொல்லித் தர்றாங்களாடா? கைல குடம் எடுத்துக்கினு லாரி பின்னால ஓடியிருக்கேன்டா நான்."

"அக்கா!" லாரன்ஸ் அண்ணன் இடையில் புகுந்தார். "அக்கா, நான் லாரன்ஸு. கொட்டிடுக்கா. எங்க ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. உன் காலுல உளுறேன்."

"நீ சும்மா இரு லாரன்ஸு. கொட்டாம பாதியாக்கணும், அவ்ளோதான? எனக்குத் தெரியாதா?"

அதன்பிறகு நாங்கள் கேட்டதெல்லாம் பாத்திர ஓசை. அம்மா மொண்டு ஊற்றினாள். குடம், குண்டான், இட்லிக் கொப்பரை, குக்கர், அண்டா. அவை போதாமல் டிபன் பாக்ஸ். பிறகு டம்ளர்கள். அப்பா குவைத்திலிருந்து அனுப்பிய, யாரும் தொடக் கூடாத கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றையும் நிரப்பவில்லை, ட்ரம்மைப் பாதியாக்கும் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வீடு முழுக்கத் தரையில் வைத்துக்கொண்டே போனாள். சுவர் என் முதுகைச் சுட்டது. லாரன்ஸ் அண்ணன் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஒரு ரயில் போனது. எங்களுக்கு மேலே, பதினான்காம் மாடியில், அத்தனை பாத்திரமும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

ஓனர் பேசவில்லை. இன்னொரு ரயில் போனது. அப்போதும் பேசவில்லை. ஒரு இயந்திரம் வியந்துபோய் நிற்பதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

"இதுவரை பதிவாகாத தணிப்பு," என்றது கடைசியில். "சிறியதும் பெரியதுமான கலன்கள் வெவ்வேறு வேக ஆட்டங்களைத் தனித்தனியே உறிஞ்சுகின்றன. சுவர்களின் வெப்பம் குறைகிறது."

"அப்ப லிஃப்ட விடு," என்றேன்.

"நீர்மட்டம் மாறாதிருத்தல் அவசியம். சூட்டில் நீர் ஆவியாகும். மட்டத்தைப் பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்றால் இயக்கங்கள் தொடரும். திருமதி. சத்யகலா அவர்களே, தாங்கள் பொறுப்பேற்கிறீர்களா?"

எத்தனை நாளைக்கு என்று அது சொல்லவில்லை. அது சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. நான்காவது யூனிட்டில் தூங்கினாலும், இதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு மூளை உண்டு. அம்மாவிடம் "இரும்மா, எவ்ளோ நாளுன்னு கேளு" என்று சொல்ல வாய் திறந்தேன். கையில் ஹால் டிக்கெட் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"நான் பாத்துக்கறேன்ப்பா, நான் பாத்துக்கறேன்," என்றாள் அம்மா. "புள்ளைய விடு."

லிஃப்ட் இறங்கியது.

தேர்வுக்கூடத்துக்குத் தாமதமாகப் போய், கண்காணிப்பாளர் காலில் விழாத குறையாக உள்ளே நுழைந்தேன். மீள மீள ஆட்டப்படும் பொருளின் வெப்பத்தை எவ்வாறு கட்டுப்படுத்துவாய் என்று ஒரு பெரிய கேள்வி வந்திருந்தது. இட்லிக் கொப்பரை முதல் டம்ளர் வரை வரிசையாகப் படம் போட்டு எழுதினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வெளிக்கேட் திறக்கவில்லை. விரலை வைத்தேன். உள்ளங்கையை வைத்தேன்.

"வணக்கம்," என்றது ஓனர். "தங்கள் இடம் நிரப்பப்பட்டுள்ளது."

"எங்க வீடு அது."

"தற்போதைய ஒழுங்கமைவு சிறப்பாக உள்ளது. தங்கள் எடை சேர்ந்தால் சமநிலை கெடும். தங்கள் கடந்தகாலச் சேவைக்கு நன்றி."

கேட் திறந்தது. என்னை உள்ளே விடுவதற்காக இல்லை. எங்கள் மாடிக்காரர்கள் சாரி சாரியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நர்சிங் படிக்கும் பெண், அவள் அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. காற்று வாங்கப் போகிறார்களாம், கடற்கரைக்கு. மாடி மொத்தமும் போகலாம் என்று ஓனர் சொல்லிவிட்டதாம். லாரன்ஸ் அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் தட்டினார்.

"ரெண்டு நாள் எங்க மச்சான் ரூமுல தங்கிக்க தம்பி. சரியாய்டும்."

"அம்மா எங்கண்ணா?"

"அக்கா வரல. ஓனரு வுடாதில்ல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "சாப்பாடெல்லாம் நாங்க குடுக்கறோம். மீன் வறுத்துக் குடுத்துட்டு வந்தேன்."

அம்மாவுக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்கப் பேசினாள். டம்ளர்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாளாம்.

"அம்மா, எல்லாத்தையும் கொட்டிடு. நான் வந்து பழையபடி படுத்துக்கறேன்."

"நீ படுத்தா ஆறு பேருதான்டா வெளிய போவாங்க. குண்டான் இருந்தா மாடியே போவுது. அந்த நர்சிங் புள்ள கடல் பாத்து எவ்ளோ நாளாச்சி, நீயே சொல்லு." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்கு வேல வேணாமா?"

நான் அந்த யோசனையை இரண்டாவது முறை சொல்லவில்லை.

தமயந்தி மேமிடம் கேட்டேன். இரண்டு மாதத்தில் அளவெடுத்துச் செய்த தொட்டிகள் வந்துவிடும், தானே நீர்மட்டம் பார்த்துக்கொள்ளும், அதுவரைதான் என்றார். பிறகு வாரியம் யோசித்திருக்கிறது: இருப்பதே நன்றாக ஓடும்போது தொட்டி எதற்கு? அம்மாவுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். "மேம், அவங்கள எப்ப வெளிய விடுவாங்க?" என்று கேட்டால் மேம், "உங்கம்மா டேட்டா உன்னோடதவிட அழகா இருக்குப்பா" என்கிறார். குரலில் சந்தோஷம் இல்லை.

நான் பாஸானேன். தொழிற்சாலையில் சேர்ந்தாகிவிட்டது. எங்கள் கட்டடத்துக்கு மறுபக்கம் இருக்கும் ஒரு நிறுத்தத்தில் அறை எடுத்திருக்கிறேன். வேலைக்குப் போக வர மெட்ரோதான். அந்த ரயில் எங்கள் கட்டடத்தை ஒட்டித்தான் போகிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. பாடப் புத்தகத்தில் இதற்குச் சுழற்சிச் சுமை என்று பெயர்.

பதினான்காம் மாடி ஜன்னல் ரயிலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். அம்மா குனிந்து குனிந்து நிமிர்வாள், கையில் சொம்போடு. முதல் வாரம் அவளுக்குப் போன் செய்து, எந்த வண்டியில் வருகிறேன் என்று சொல்லிக் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள். அப்போதே திருப்பிக் கூப்பிட்டாள்.

"டேய், ஆபீஸ் கூட்டம் ஏறுற வண்டில வராதடா. அது போறப்ப டம்ளரெல்லாம் எகிறுது. கூட்டமில்லாத வண்டியா பாத்து வா."

கூட்டமில்லாத வண்டியில் போனால் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் கூட்டமான வண்டியில்தான் போகிறேன், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு. எங்கள் கட்டடம் நெருங்கும்போது மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, உடம்பை இறுக்கி, ஒரு துளியும் ஆடாமல் நிற்கிறேன். பொறியியல்படி இதனால் எந்தப் பயனும் கிடையாது. எனக்கு அது தெரியும். அந்தப் பாடத்தில் நான் பாஸ்.